வேலிக்கு அகலம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. தக்காளி அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் மூன்று குட்டிகள், பெட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கால்கள். ‘கரும்புத் தோட்டத்தில் சிறுத்தைக் குட்டிகள்: பொதுமக்கள் பீதி’ என்று மேலே கொட்டை எழுத்து. வியாழக்கிழமை ஆறாம் பக்கத்தின் அடியில், கும்பாபிஷேக அறிவிப்புக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவில் நாலு வரி: பிடிபட்டவை காட்டுப்பூனைக் குட்டிகள் என்று தெரியவந்தது, அவை காப்புக்காட்டில் விடப்பட்டன. அத்தோடு சரி. சிறுத்தை இல்லை என்றதும் பீதி போனது, கூடவே செய்தியும் போய்விட்டது.

எனக்கு அந்த நாலு வரிதான் செய்தியாகப் பட்டது. அதனால் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டினால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் நான் கேட்டிருப்பதில் கை வைக்காதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற நில அளவர். 1979-ல் வேலையில் சேர்ந்தேன். அதே ஆண்டுதான் பெரியார் மாவட்டம் பிறந்தது. பிறகு அது ஈரோடு ஆனது. 2009-ல் எங்கள் தாராபுரம் திருப்பூர் மாவட்டத்துக்குப் போனது. நான் அளவுச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நடந்த மண் மட்டும் அதே மண். 2013-ல் ஓய்வு. இப்போது எழுபது வயது, முழங்கால் இரண்டும் பழுது, கண் பழுதில்லை.

முதலில் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுத்தைக் குட்டிக்கு உடம்பெல்லாம் கரும்புள்ளி நெருக்கமாக இருக்கும், வால் நீளம். காட்டுப்பூனைக் குட்டிக்கு மங்கலான வரிகள் இருக்கும். வளர வளர அவை உடம்பில் மறைந்து காலிலும் வாலிலும் மட்டும் தங்கும். வளர்ந்த பூனை, காய்ந்த புல்லின் மேல் செம்மண் புழுதி படிந்தால் என்ன நிறமோ அந்த நிறம். வீட்டுப் பூனையைவிடக் கால் நெட்டை. காது நிமிர்ந்து நிற்கும், அதன் நுனியில் கொஞ்சம் கருமயிர். வாலைப் பார்த்தால் சந்தேகமே வராது: யாரோ பாதியில் நறுக்கிவிட்டதுபோல் குட்டையாக, நுனிப்பக்கம் கறுப்பு வளையங்களோடு இருக்கும். இந்தப் பூனையைப் பார்த்துச் சிறுத்தை என்று ஓடுகிறவர்கள் இரண்டையும் பார்க்காதவர்கள். என் தலைமுறை வரைக்கும் எங்கள் ஊரில் யாரும் அப்படி ஓடியதில்லை. காட்டுப்பூனைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் வெருகு. வெருகு என்று சொல்லிவிட்டுக் கோழியை எண்ணுவார்கள்.

அடுத்தது, ‘காப்புக்காட்டில் விடப்பட்டன’ என்ற வரி. இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். பெயரில் ‘காடு’ இருப்பதால் மலைக்காட்டு விலங்கு என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் பக்கம் காடு என்றால் என்ன? சோளக்காடு, கம்பங்காடு, கொறங்காடு. ‘எங்கே போகிறாய்?’ என்றால் ‘காட்டுக்கு’ என்போம், போவது உழவுக்கு. காட்டுப்பூனையின் காடு அந்தக் காடுதான். புல்வெளி, புதர், நாணல், கரும்பு, ஓடைக்கரை ஆகியவைதான் அதன் வீடு. அடர்ந்த மலைக்காடு அதற்குப் பிடிக்கவே பிடிக்காது. தாய் எலி பிடிக்கப் போன நேரத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் கையில் குட்டிகள் சிக்கியிருக்கின்றன. கண் திறந்து சில நாள்கூட ஆகாத குட்டிகளைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத மலையடிவாரத்தில் விட்டால் அவை என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைக் குட்டியே கிடைத்தாலும், கிடைத்த இடத்திலேயே சாயங்காலம் திரும்ப வைத்துவிட்டு ஒதுங்கி நின்று, தாய் வந்து தூக்கிப்போகிறதா என்று பார்க்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. சிறுத்தைக்கே அங்கே முடிகிறது. பூனைக்கு இங்கே முடியாதா?

இனி என் ஊர்க்கதை. எங்கள் ஊர் மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். மழை குறைவான பூமி. அதனால் எங்கள் முன்னோர் கொறங்காடு என்று ஒன்றை வைத்திருந்தார்கள். வெளி மாவட்டத்தாருக்காகச் சொல்கிறேன்: மானாவாரிப் பட்டா நிலத்தை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விடுவது. உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடும் செம்மறியும் வருடத்தில் பெரும்பகுதி அதற்குள்ளேயே மேயும். ஆள் கூட நிற்க வேண்டியதில்லை. படலைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், வேலிதான் ஆள்.

கிளுவையைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டால் பிழைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் இலை உதிர்த்து வெறும் முள்ளாக, செத்ததுபோல் நிற்கும். ஒரு மழை விழட்டும், நாலு நாளில் பச்சை. வருடத்துக்கு வருடம் அகலும். அதன்மேல் பிரண்டை ஏறும், கோவைக்கொடி ஏறும், முசுமுசுக்கை ஏறும். அடியில் சருகு சேரும், சருகுக்கு அடியில் எலி வளை, எலியைத் தேடிச் சாரைப்பாம்பு, அப்புறம் கீரி, கௌதாரி, முயல், முள்ளெலி என்று ஒரு ஊரே குடியேறும். எங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) தகப்பனார் நட்ட வேலிக்குள் நான் பையனாக இருந்தபோது நாய் நுழையாது. பூனை நுழையும்.

பொழுது சாய்ந்ததும் ஆத்தா கோழிகளைக் கூப்பிட்டுப் பஞ்சாரத்தில் அடைப்பார். எத்தனை அடைத்தாலும் ஒரு வெடைக்கோழி மாதத்துக்கு ஒன்றாகக் காணாமல் போகும். அப்பா கோபித்துக்கொண்டு கண்ணி வைக்கிறேன் என்பார். ‘குதிரில் எலி தின்கிற சோளத்துக்கு நீ யாரைக் கண்ணி வைத்துப் பிடிப்பாய்? அது கூலி கேட்கிறது, கொடுத்துவிட்டுப் போ’ என்று ஆத்தா அவர் வாயை அடைத்துவிடுவார். ஆத்தாவுக்குப் பூனை மேல் பாசம் ஒன்றும் கிடையாது. வைதுகொண்டேதான் இதையும் சொல்வார். ஆனால் அவருக்குக் கணக்குத் தெரியும்.

அந்தக் கணக்கைப் பிற்காலத்தில் படித்தவர்களும் போட்டார்கள். ராஜஸ்தானில் சரிஸ்கா காட்டில் காட்டுப்பூனை, கேரகல் என்ற இன்னொரு பூனை, நரி மூன்றின் எச்சங்களையும் சேகரித்துச் செய்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. காட்டுப்பூனை நாளைக்கு மூன்று முதல் ஐந்து எலி வரை பிடிக்கிறது என்று அதில் கணித்திருந்தார்கள். வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் முதல் ஆயிரத்து எண்ணூறு வரை. மாதம் ஒரு கோழி வீதம் பன்னிரண்டு கோழி கூலி. எந்த ஒப்பந்தக்காரர் இந்த விலைக்கு வருவார்?

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. விடியற்காலை பட்டியிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறேன். வேலி இடுக்கிலிருந்து வெளியே வந்து ஒரு வெருகு உட்கார்ந்திருந்தது. முன்னால் வெள்ளெலி வளை. என்னைப் பார்த்தது, பொருட்படுத்தவில்லை. ஆடுகள் கடந்து போயின, அப்போதும் அசையவில்லை. நானும் நின்றேன். பள்ளிக்கூடத்து முதல் மணி அடிக்கும் நேரம் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். திடீரென்று நாலு காலும் தரையை விட்டு மேலே எழும்பி, வில்லாக வளைந்து, மூக்கு முன்னால் இறங்கியது. தலையைத் தூக்கியபோது வாயில் எலி. ஒரு நிமிடம்கூட நிற்காமல் வேலிக்குள் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கினேன், காரணத்தைச் சொல்லவில்லை.

இனி சொல்லப்போவது என் தொழிலின் பாவம். புலப்படத்தில், அதாவது நாங்கள் வரையும் நில அளவை வரைபடத்தில், வேலிக்கு அகலம் கிடையாது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எத்தனை இணுக்கு (சங்கிலியின் நூறில் ஒரு பங்கு) என்று ஒரு எண். கோட்டின் இந்தப்பக்கம் ஒருவருக்கு, அந்தப்பக்கம் இன்னொருவருக்கு. ஆறடி, எட்டடி அகலத்துக்கு நின்ற கிளுவையை நான் முப்பத்து நாலு வருடம் பென்சில் கோடாகவே வரைந்திருக்கிறேன். சங்கிலி போட முடியாமல் முள் குறுக்கே நின்றால் வெட்டச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருந்து ஏதாவது ஓடும், தலையாரி சிரிப்பார், நான் அடுத்த கல்லைத் தேடுவேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சதுரமான பத்து ஏக்கர் காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவர்களுக்கு இது மனப்பாடம்: பக்கத்துக்குப் பத்துச் சங்கிலி, அதாவது 660 அடி. சுற்றளவு 2,640 அடி, சரியாக அரை மைல். வேலியின் அகலம் ஆறடி. பெருக்கினால் 15,840 சதுர அடி, ஏறத்தாழ 36 சென்ட். வேலி பக்கத்துக் காட்டுக்காரருக்கும் பொது என்பதால் பாதியைக் கழித்தால் நம் பங்கு 18 சென்ட். பத்து ஏக்கருக்குப் பதினெட்டு சென்ட். அடுத்தடுத்த காடுகளின் வேலிகள் ஒன்றோடொன்று சேர்வதால் ஒரு பூனை தரையில் வெளிச்சத்துக்கே வராமல் ஊர் விட்டு ஊர் போக முடிந்தது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு காடு, ஆறடி அகலத்தில், மைல் கணக்கில் நீண்டு கிடந்தது. அதற்குச் சர்வே எண் இல்லை. அதனால் அது போனபோது எந்தக் கணக்கிலும் குறையவில்லை.

எப்படிப் போனது? ஒரே நாளில் போகவில்லை. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள், மாடு குறைந்தது, மாடு இல்லாத வீட்டுக்குக் கொறங்காடு எதற்கு? கொஞ்சம் காற்றாலைக்கு, கொஞ்சம் மனைக்கு, இப்போது கொஞ்சம் சூரியத் தகடுகளுக்கு. நிலம் கை மாறியதும் புதியவர் செய்யும் முதல் வேலை, ஜே.சி.பி. வைத்து வேலியைப் பிடுங்குவது. நூறு வருட வேலிக்கு ஒரு காலைப்பொழுது போதும். வேரோடு சுருட்டிக் குவித்து, காய்ந்ததும் தீ வைப்பார்கள். பிறகு கல்கால் நட்டுக் கம்பிவலை. வலையைத் தரையோடு ஒட்டி இறுக்கிவிடுவதால் முயல்கூட நுழையாது. சுத்தமாக இருக்கிறது என்கிறார்கள். உண்மைதான், துடைத்து எடுத்ததுபோல் இருக்கிறது. அந்த நிலங்களில் பலவற்றை அளந்து கல் நட்டுக் கொடுத்தவன் நானே. அளந்ததற்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

என் தம்பியும் பிடுங்கினான். நான் தடுத்துப் பேசினேன். ‘அண்ணா, பூனைக்காகவா பதினெட்டு சென்ட்டை விடச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டான். சென்ட் கணக்கில் விலை பேசும் காலம். என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. என் கணக்கை வைத்தே என்னை மடக்கிவிட்டான்.

வேலி போன இரண்டாம் வருடம் அவன் காட்டில் எலி பெருகியது. சோளம், நிலக்கடலை எதுவும் தப்பவில்லை. உரக்கடையில் விஷக்கட்டி வாங்கிவந்து வரப்பெல்லாம் வைத்தான். ஊரே வைத்தது. இந்த விஷங்களில் ஒருவகை, எலியை உடனே கொல்வதில்லை. புரோமடியோலோன் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி சில நாள் உயிரோடு தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்கும் ஆந்தைக்கும் சுலபம். விஷம் எலியின் உடம்பில் இருக்கிறது. தின்றவற்றின் ஈரலுக்குப் போகிறது. ஒருநாள் நல்ல வெயிலில் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு வெருகு உட்கார்ந்திருந்தது. பத்தடிக்குப் போனோம், எழவில்லை. மூக்கில் ரத்தம். சாயங்காலம் செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சோதிக்கவில்லை. ஆகவே விஷம்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தம்பி ஒன்றும் பேசாமல் குழி வெட்டினான். பெண் பூனை. பால் காம்பு வீங்கியிருந்தது. குட்டிகளைத் தேடினோம். எங்கே என்று தேடுவது, வேலி இருந்தாலாவது ஒரு திசை தெரியும்.

தெருநாயைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்கள் கூட்டமாக வந்து பட்டி ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்ததும் உங்கள் நாளிதழிலேயே வந்தது. ஆட்டையே விடாதவை பூனைக்குட்டியையா விடும்? முன்பு நாயைத் தடுத்தது முள்வேலி. பூனைக்கு ஒதுங்க இடம் கொடுத்ததும் அதுதான். இன்னொன்று, வீட்டுப் பூனையோடு இது இனம் கலக்கும். வீட்டுப் பூனையின் நோயும் தொற்றும். வேலி போய் இரண்டும் ஒரே குப்பைமேட்டுக்கு வரும்போது இது கூடத்தான் செய்யும்.

சாலையைப் பற்றி ஒரு சங்கடமான விஷயம். ஓய்வுபெற்ற புதிதில், காலையில் கரூர் சாலையில் நடக்கப்போவேன். அடிபட்டுக் கிடக்கும் பிராணிகளை ஒரு பழைய அளவுப் புத்தகத்தில் குறித்துவைக்கும் பழக்கம் வந்தது. முதலில் காட்டுப்பூனை என்று எழுதும் நாள்கள் அடிக்கடி வந்தன. பிறகு அபூர்வமாயின. இப்போது பக்கம் பக்கமாகப் புரட்டினால் நாய், நாய், கீரி, நாய். வண்டிகள் குறையவில்லை, வேகமும் குறையவில்லை. சாலையில் சாவு குறைந்துவிட்டதே என்று நடைத்தோழர் ஒருவர் மகிழ்ந்தார். அடிபடுவதற்கு மிச்சம் இருந்தால்தானே?

படித்தவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று என் பேத்தியின் கணினியில் தேடிப்பார்த்தேன். சிவிங்கிப்புலியைச் சேர்க்காமலே இந்தியாவில் பதினைந்து வகைப் பூனையினங்கள். புலி, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை, படைச்சிறுத்தை போக மிச்சம் பத்தும் சிறியவை. தமிழ்நாட்டுப் புலிகளின் எண்ணிக்கை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: 2006-ல் 76, 2018-ல் 264, 2022-ல் 306. நல்ல செய்தி, சந்தோஷம். காட்டுப்பூனைக்கு இப்படி ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்றால் யாராலும் முடியாது. எண்ணியதே இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது ‘கவலை குறைந்த’ வகையில் இருக்கிறது, கூடவே எண்ணிக்கை இறங்கிவருகிறது என்ற குறிப்பும் இருக்கிறது. கவலை குறைவு என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அதே பட்டியலில், இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர உலகில் எங்குமே இல்லாத துரும்பன் பூனை ஒரு படி மேலே, அச்சுறுத்தலை நெருங்கிய வகையில். ஒன்றரைக் கிலோ எடைதான் இருக்கும், உலகின் மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று. மீன்பிடிப் பூனை இன்னும் மோசம், அழிவாய்ப்புள்ள இனம். அதைக்கூட ஒடிசாவில் சிலிகா ஏரியில் 2022-ல் கணக்கெடுத்து 176 என்று சொன்னார்கள். ஒரு ஏரியில் எண்ண முடிகிறதென்றால் ஒரு வட்டத்தில் எண்ண முடியாதா என்று அளவனாக எனக்குத் தோன்றுகிறது.

‘நிறையத்தான் இருக்கிறதே’ என்ற பேச்சு எத்தனை ஆபத்து என்பதற்கு இந்தப் பூனையே சாட்சி. 1979-ல் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது நம் நாட்டு வியாபாரிகள் கையிருப்பு என்று கணக்குக் காட்டிய காட்டுப்பூனைத் தோல்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். யாரோ சீமாட்டிகளின் கோட்டுக்கு. நான் வேலையில் சேர்ந்த அதே வருடம். எங்கள் வேலிகளில் பிடித்ததும் அதில் இருந்திருக்கும். குறவர், வேட்டைக்காரர் என்று ஏழைகள் மேல் பழி போடுவது சுலபம். வாங்கினவர் யார் என்று பார்த்தால் கை வேறு திசையைக் காட்டும்.

ஸ்பெயினில் ஐபீரிய லின்க்ஸ் என்று ஒரு பூனை. 2002-ல் நூறுகூட இல்லை. அதன் உணவு முயல். முயலுக்கு நோய் வந்து பூனை பட்டினி கிடந்தது, மிச்சத்தைச் சாலை தின்றது. அவர்கள் கூண்டில் வளர்த்து வெளியே விட்டதோடு நிற்கவில்லை. முயலுக்குப் புதர் அமைத்தார்கள். தனியார் நிலத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். 2023 கணக்கில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் சேர்த்து இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. 2024-ல் அபாய வகையிலிருந்து ஒரு படி இறக்கினார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்த ஒப்பந்தம்தான். பட்டா நிலத்தில் வாழும் விலங்கைக் காப்பாற்றப் பட்டாதாரரிடம்தான் பேச வேண்டும்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? புதர்க்காட்டையும் புல்வெளியையும் மத்திய அரசின் தரிசுநில வரைபடங்களிலேயே தரிசு என்று வண்ணம் அடித்துவைத்திருக்கிறார்கள். தரிசு என்றால் சும்மா கிடப்பது. சும்மா கிடப்பதில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து நடலாம். புல்வெளியை நம்பிய சிவிங்கிப்புலியை இதே நாட்டில் 1952-ல் அற்றுப்போனதாக அறிவித்தோம். பிறகு 2022-ல் நமீபியாவிலிருந்து விமானத்தில் எட்டைக் கொண்டுவந்தோம். அந்தச் செலவில் எத்தனை மைல் கிளுவை நடலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன், மனைவி நோட்டைப் பிடுங்கிவைத்துவிட்டார்.

ஒரு சின்ன விஷயம். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நான் வேலி, வெருகு என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு, குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றைப் படித்துக் காட்டினார். மாலை நேரத்தில் வேலியருகே வெருகு வந்ததும் தாய்க்கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. நான் மலைத்துப்போனேன். அது அப்படியே எங்கள் ஆத்தாவின் வாசல். அதே நேரம், அதே வேலி. இரண்டாயிரம் வருடமாக மாறாத ஒரு சாயங்காலத்தை என் அளவுச் சங்கிலியின் காலத்தில் கலைத்துவிட்டோம்.

இப்போது, கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்களிடம்: குட்டி கிடைத்தது என்று செய்தியாளர் படம் அனுப்பினால், அச்சேற்றும் முன் வாலைப் பாருங்கள். காட்டுப்பூனை என்று தெரிந்தால் அதையும் அதே இடத்தில், அதே எழுத்தில் போடுங்கள். ‘தொடாதீர்கள், எடுத்த இடத்தில் வையுங்கள், அந்த வரிசைக் கரும்பை நாளைக்கு வெட்டுங்கள்’ என்று கூட ஒரு வரி. உங்கள் ஒரு வரி செய்வதை என் இருபது கடிதம் செய்யாது.

அரசிடம்: சரணாலயம் கேட்கவில்லை. கடவூர் மலையில் தேவாங்குக்கு 2022-ல் சரணாலயம் அறிவித்தார்கள், வரவேற்றேன். தேவாங்குக்கு மலை இருக்கிறது. வெருகுக்கு இருப்பது எங்கள் பட்டா. உயிர்வேலி வைத்திருக்கும் காட்டுக்காரருக்கு, அடி கணக்கில் அளந்து, வருடத்துக்கு ஏதாவது ஒரு தொகை கொடுங்கள். பெரிய தொகை வேண்டாம். அந்தப் பதினெட்டு சென்ட்டை மனைவிலைக்கு ஈடு செய்ய யாராலும் முடியாது. ‘இது நிலம், வீண் இல்லை’ என்று ஒரு அரசாங்கத் தாள் சொன்னால் போதும், எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் கை வைக்க யோசிப்பார்கள். அளப்பதற்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், முழங்காலைப் பார்த்துக்கொள்ளலாம். மரம் நடுகிறோம் என்று கொறங்காட்டுப் புல்லின் மேல் குழி வெட்டுகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள்.

விவசாயிகளிடம் பேசத்தான் எனக்குத் தயக்கம். கோழி போனால் போனதுதான், அதற்கு யாரும் இழப்பீடு தரமாட்டார்கள். என் மச்சான் ஒருவர் இதைக் கேட்டே என்னை மூன்று விசேஷங்களில் மானம் வாங்கியிருக்கிறார். அவருக்கு என் பதில்: கூண்டின் அடியில் கல் பாவுங்கள், பொழுது சாயும் முன் அடையுங்கள். எலி விஷத்தைக் கட்டிக்கட்டியாக வரப்பில் இறைக்காதீர்கள். கிட்டி வையுங்கள், ஆந்தை உட்கார வயலில் குச்சி நடுங்கள். விஷம் வைத்தே தீர வேண்டுமென்றால் செத்த எலியைப் பொறுக்கிப் புதையுங்கள். கஷ்டம்தான். ஆத்தா காலத்திலும் கஷ்டமாகத்தான் இருந்தது.

தம்பியின் காட்டுக்குத் தெற்கே எனக்கு மூன்று ஏக்கர் மிச்சம் இருக்கிறது. போன வருடம் மழைக்கு முன் அதன் தென்னெல்லையில் கிளுவைப் போத்து நட்டேன். போத்துக்கு ஆறு ஊருக்குப் போய் அலைந்தேன். வெட்டிக்கொள்ள வேலி வைத்திருப்பவர்களே இல்லை. கடைசியில் வெட்டிக் கொடுத்த கிழவி காசு வாங்கவில்லை, ‘இதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா?’ என்றார். நட்டதில் முக்கால்வாசி பிழைத்திருக்கிறது. இடுப்புயரம்கூட வரவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் அவர் பக்கம் அகல விடமாட்டேன் என்றார். சரி, முழு ஆறடியும் என் பக்கமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தம்பி கேட்டுச் சிரித்தான், ஆனால் தண்ணீர் வண்டியை அவன்தான் கொண்டுவந்து நிறுத்துகிறான்.

பத்து நாளைக்கு முன் தென்மூலை எல்லைக்கல்லின் மேல் எச்சம் கிடந்தது. குச்சியால் பிரித்துப் பார்த்தேன்: எலி மயிர், ஒரு சின்னத் தாடை எலும்பு, இரண்டு பல். வீட்டுப் பூனையுடையதாகவும் இருக்கலாம். கல்லைக் கழுவாமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.